இரட்டையரில் ஒருவருக்கு டைப் 1 சர்க்கரை, இன்னொருவருக்கு ஆஸ்துமா: என்ன தொடர்பு?

இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெற்றோருக்கு வரும் முதல் கேள்வி: ‘அப்போ, இன்னொரு பிள்ளைக்கும் வருமா?’ அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

இரண்டும் எப்படி வருகின்றன?

டைப் 1, இனிப்பு சாப்பிடுவதால் வருவதில்லை. நம் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. அலர்ஜியிலும் தடம் மாறுவது அதே மண்டலம்தான். ஆனால் அங்கே அது தூசி, மகரந்தம், வேர்க்கடலை மாதிரியான வெளிப்பொருட்களை எதிரியாக நினைத்துவிடுகிறது.

அலர்ஜி இருந்தால் டைப் 1 வராதா?

இப்படித்தான் ரொம்ப நாள் நம்பப்பட்டது. டைப் 1-ல் டிஹெச்1 செல்களின் கை ஓங்கும், அலர்ஜியில் டிஹெச்2 செல்களின் கை ஓங்கும். ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறும் என்ற தராசுக் கணக்கு இது.

ஆனால், ஸ்வீடனில் 2001 முதல் 2013 வரை பிறந்த சுமார் 12.8 லட்சம் குழந்தைகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குப் பின்னாளில் டைப் 1 வரும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் வாய்ப்பு சற்று கூடுதல்தான். பயப்பட வேண்டாம், டைப் 1 அரிதான நோய் என்பதால், 16 சதவீதம் கூடினாலும் மொத்த ஆபத்து குறைவுதான். ஆனால், ‘அலர்ஜி இருக்கு, அதனால சர்க்கரை வராது’ என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எல்லாமே மரபணுவா?

இல்லை. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் டைப் 1 இருந்த ஜோடிகளை நீண்டகாலம் கவனித்த ஆய்வில், 60 வயதுக்குள் இன்னொருவருக்கும் வந்தது 65 சதவீதம். ஒரே மரபணு இருந்தும் 100 சதவீதம் இல்லை.

சூழலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு பின்லாந்து உதாரணம். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ரஷ்யாவின் கரேலியாவோடு ஒப்பிட்டால், பின்லாந்துக் குழந்தைகளிடம் டைப் 1 சுமார் 6 மடங்கு அதிகம். அலர்ஜியும் அங்கேதான் அதிகம். அதாவது, இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன.

பெற்றோர் என்ன செய்யலாம்?

இன்னொரு பிள்ளைக்கு ஆட்டோ-ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு முறை ‘இல்லை’ என்று வந்தாலும் கவனம் தொடரணும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் எடை குறைவு ஆகியவை எச்சரிக்கை மணி.

முக்கியமாக, சர்க்கரை கட்டுமீறும்போது வரும் வேகமான மூச்சு, பார்ப்பதற்கு ஆஸ்துமா மாதிரியே இருக்கலாம். இந்த அறிகுறிகளோடு மூச்சும் வாங்கினால், இன்ஹேலரோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் சர்க்கரை அளவையும் பாருங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும்.