முடக்கப்படும் கணக்கும் முடங்கும் பிழைப்பும்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையின் சேலைகளைக் கடைவீதிக்குப் போகாமலேயே வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்கலாம். முன்பணமும் வாடகையும் இல்லாமல், கைப்பேசியை நம்பி மறுவிற்பனை செய்யும் பெண்கள் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். வெளியே வேலைக்குப் போக முடியாத பலருக்குச் சொந்த வருமானம் என்ற ஒன்று கிடைத்ததே இந்த வழியில்தான். சமூக ஊடகத்தால் விளைந்த பெரும் நன்மை இது.

ஆனால், இந்தக் கடையின் சாவி கடைக்காரரிடம் இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அதில் பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அத்தனையையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒருசேர நின்றன. இவை ஊரறிந்தவை. வெளியே தெரியாத முடக்கங்கள்தான் கொடியவை. 'காப்புரிமை மீறல்' என்று மிரட்டும் போலிச் செய்தியை நம்பிக் கடவுச்சொல்லைப் பறிகொடுக்கிறார் ஒருவர். பொய்ப் புகார்கள் குவிந்ததால் கணக்கையே இழக்கிறார் இன்னொருவர். முறையிடப் போனால், பதில் சொல்ல அங்கே மனிதர் இல்லை.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக் குழு. அது முடிவெடுக்க 30 நாள். தீபாவளிக்காகக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு, பண்டிகை முடிந்தபின் கணக்கு திரும்பி வந்து என்ன பயன்? வட்டி அதுவரை காத்திருக்குமா?

கோடிக்கணக்கான கணக்குகளை மனிதர்களே பார்க்க முடியாது என்கிற சமாதானத்தை ஏற்பதற்கில்லை. விளம்பரக் கட்டணத்தை நாள்தவறாமல் வசூலிக்கத் தெரிந்த நிறுவனங்கள் இவை. முறையீடுகளை இயந்திரம் மட்டுமே தீர்த்துவிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் சொல்கிறது. அங்கே கட்டுப்படுபவர்கள் இங்கேயும் கட்டுப்படட்டும். வணிகக் கணக்கை முடக்கினால், காரணத்தைத் தமிழிலேயே தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்குள் ஒரு மனிதர் அந்த முறையீட்டைப் படித்து முடிவு சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளர்களின் எண்களைத் தனி நோட்டில் எழுதி வைக்கவும், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கவும், பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்கவும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மாநில அரசு கற்றுத்தரலாம். விதியைத் திருத்த வேண்டியது மத்திய அரசு. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். அமைச்சகத்தின் அறிவிக்கை போதும். மேல்முறையீட்டுக் குழுக்களுக்கே 2022 அக்டோபரில் அப்படித்தான் வழிசெய்தார்கள்.