காணாக்கடியும் சிறு மாத்திரையும்

நமது ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூராருக்கு முறுக்கு ஞாபகம் வரும். எனக்கோ சில நாட்களாக ஒரு மாணவனின் தூக்கமே ஞாபகத்தில் நிற்கிறது.

நன்றாகப் படிக்கும் பையன். மூன்று நாட்களாக வகுப்பில் பெஞ்சின்மீது சாய்ந்து உறங்கினான். சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். பிறகல்லவா விஷயம் தெரிந்தது! அவனுக்குக் காணாக்கடி கண்டு உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. வீட்டில் யாருக்கோ முன்பு வாங்கிய அலர்ஜி மாத்திரையை வேளைக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வாத பொருள் சேரும்போது தேகத்தில் ஹிஸ்டமின் என்னும் வஸ்து வெளிப்பட்டுத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்குகிறது. அதைத் தடுக்கும் வழியை 1937-ம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்தில் டானியல் போவே முதலியோர் கண்டனர். 1957-ல் போவேக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இம்மாத்திரைகளில் பழைய வகை, புது வகை என இரண்டுண்டு. குளோர்பெனிரமைன், பெனிரமைன் முதலிய பழையவை மூளையையும் எட்டித் தூக்கம் வருவிக்கும். அவற்றை உண்டு வண்டி ஓட்டலாகாது. யந்திரத்தின் அருகே வேலை செய்யலாகாது. முதியோருக்கு மனக்குழப்பமும் நீர்க்கட்டும் நேரலாம். செட்டிரிசின், லோராடடின் முதலிய புதியவற்றில் தூக்கம் குறைவு. ஆயினும் செட்டிரிசின் சிலருக்கு மயக்கம் தரும். பெரியவர்களுக்குச் செட்டிரிசின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். சிறுநீரக நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். மதுவுடன் எதுவும் சேரலாகாது.

ஜலதோஷ மருந்துகள் பலவற்றிலும் இதே சரக்கு அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டித்துவிடும். ஆகையால் மேலுறையைப் படியுங்கள். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த ஜலதோஷ மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென்று மேலுறையில் அச்சிடும்படி, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. தடிப்புடன் உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும், மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசியே. உடனே 108-ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

பையனை டாக்டர் பார்த்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது விழிப்பாயிருக்கிறான். விசாரியாமல் கடிந்ததற்காக அவனிடம் நான் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன்.