பாறையை மறைக்கிற ஃபைன் ஆர்ட்

பெங்களூருல கேமரா வாங்கின நம்ம ஊர் மக்கள்ல பாதிப்பேராவது ஒருதடவை மால்பே போயிட்டு வந்திருப்பாங்க. உடுப்பி பக்கத்துக் கடற்கரை. அங்கேயிருந்து படகு ஏறினா செயின்ட் மேரீஸ் தீவுகள். கரையெல்லாம் யாரோ செதுக்கி அடுக்கின மாதிரி ஐங்கோண, அறுகோணக் கல்தூண்கள். அங்கே எடுத்துட்டு வந்து 'ஃபைன் ஆர்ட்'னு காட்டற படங்களைப் பத்தித்தான் எனக்கு ஒரு மனக்குறை.

எல்லாத்துக்கும் ஒரே ஃபார்முலா. ட்ரைபாட், என்டி ஃபில்டர், 30 விநாடி ஷட்டர். அலை பனிப்புகை ஆயிடும். அப்புறம் கறுப்பு வெள்ளையாக்கி, பாறையைத் தார் மாதிரி இருட்டாக்கிடுவாங்க. அழகா இல்லேன்னு சொல்லலை. ஆனா இது மால்பேயா, அயர்லாந்தான்னு கேட்டா எடுத்தவரே கொஞ்சம் யோசிப்பார் :-)

அந்தத் தூண்களோட கதையே வேற. சுமார் எட்டரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி, மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிஞ்ச காலத்து எரிமலைக் குழம்பு அது. ஆறும்போது சுருங்கி, மேலே வெடிச்சு, வெடிப்பு அப்படியே உள்ளே இறங்கித் தூணாச்சு. கோடையில வத்தின கண்மாய்த் தரை வெடிக்குமே, ஏறக்குறைய அதே கணக்கு. பசால்ட்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க. ஆனா இது சிலிக்கா அதிகமான டேசைட், ரயோலைட் வகைன்னு புவியியல்காரங்க சொல்றாங்க. வடக்கு அயர்லாந்தோட ஜயன்ட்ஸ் காஸ்வேதான் பசால்ட். அந்தக் கறுப்பை எடுத்து இதுக்குப் பூசறது என்ன நியாயம்?

"கலைங்கிறது ஆவணம் இல்லையே"ன்னு நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. சரிதான். ஆனா எட்வர்ட் வெஸ்டனைப் பாருங்க. கலிஃபோர்னியாவுல பாயின்ட் லோபோஸ் கடற்கரைப் பாறைகளை 1929லேர்ந்து 1948 வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தவர். பாறையோட ஒவ்வொரு சுருக்கமும் கைக்கு எட்டற மாதிரி தெரியும். எதையும் கரைச்சுடலை. அதைக் கலை இல்லேன்னு யாரும் சொன்னதில்லை.

மால்பேயில படகு பகல்லதான், மழைக்காலத்துல அதுவும் கிடையாது. பகல் வெயில் ஃபோட்டோவுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. இங்கே அந்த வெயில்தான் ஒவ்வொரு வெடிப்புலயும் நிழலை இறக்கி, கோணங்களை எடுத்துக் காட்டும். பக்கத்துல ஒரு ஆளை நிக்க வச்சா தூணோட உயரமும் புரியும்.

எனக்கு இதுல அக்கறை ஏன்னா, நம்ம பிள்ளைங்க வளர்றது இந்த மண்ணுல. அம்மா ஊர் தாமிரபரணியும் அப்பா ஊர் வைகையும் அதுங்களுக்கு லீவுக்குப் போற இடம்தான். நமக்குச் சோறு போடற இந்தக் கர்நாடகத்தையும் முகமில்லாத ஒரு படமாக்கிச் சுவத்துல மாட்டினா, எந்த ஊரைத்தான் அதுங்க தன் ஊர்னு சொல்லும்? படத்தைப் பார்த்துட்டு, "இது எப்படிப்பா இப்படி வெடிச்சது?"ன்னு ஒரு குழந்தை கேட்கணும். அந்தக் கேள்வியைக் கிளப்பற படத்தைத்தான் நான் ஃபைன் ஆர்ட்னு சொல்லுவேன். நீங்க என்ன சொல்றீங்க?