மீனுக்குச் செவுள் பார்க்கிறோம், கெம்பஸுக்கு?



உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாளே ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் விளம்பரம் கொட்டத் தொடங்கிவிடும். "வெளிநாட்டுப் பட்டம்." "வேலை உத்தரவாதம்." "இந்த வாரம் சேர்ந்தால் கட்டணக் கழிவு." வெட்டுப்புள்ளி வரும்வரை கூடப் பொறுக்காமல் உம்மாமாரின் காப்பு அடகுக்குப் போகிறது.

சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்க நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். பிள்ளையின் மூன்று நான்கு வருடத்தை வாங்கும்போது மட்டும் கண்ணாடிக் கட்டடத்தையும் கறுப்பு அங்கிப் படத்தையும் பார்த்துக் காசைக் கட்டுகிறோம்.

காசு கட்ட முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பட்டத்தைத் தரப்போவது யார்? "அரச பதிவு பெற்றது" என்பது பதில் அல்ல. கம்பனியாகப் பதிய ஒரு பலசரக்குக் கடைக்கும் முடியும். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று அங்கேயே விசாரியுங்கள்.

இரண்டு: டிப்ளோமா, சான்றிதழ் என்றால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா? அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ மட்டம் உண்டா, எத்தனையாம் மட்டம்? 1 முதல் 7 வரை இருக்கிறது. "மட்டம் உண்டு" என்று மட்டும் சொன்னால் போதாது.

மூன்று: பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும்? எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். "கெம்பஸ் போறான்" என்றால் கல்யாண வீட்டில் மரியாதை. "டெக் போறான்" என்றால், "ஏன், மகன் படிக்கல்லயா?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல வாப்பாமார் கடனாளியாகிறார்கள். அரச தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அப்படியான ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி பெற்று வந்தவர்கள்தான் நாங்கள். எங்கள் பெற்றோர் அதற்காக எதையும் அடகு வைக்கவில்லை.

பெண் பிள்ளைகளிடம் "எது வீட்டுக்குப் பக்கம்?" என்று மட்டும் கேட்பதையும் நிறுத்துவோம். "நீ என்ன படிக்க விரும்புகிறாய் மகள்?" என்பதுதான் முதல் கேள்வி. தூரமும் விடுதியும் அதற்குப் பிறகு பேசித் தீர்க்கக்கூடியவை.

தனியார் நிறுவனம் எல்லாமே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லவை இருக்கின்றன. நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

இந்த வருடம் பெறுபேறு எடுத்த பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். காசு கட்ட முன் போய்ச் சேரட்டும்.