400 வோல்ட் எங்கே? கணக்குக் கேட்போம், வாரீர்!

விவசாயப் பெருங்குடி மக்களே!

ஜப்பானில் வீட்டுக்கு வெறும் 100 வோல்ட்தான். ஆனால் 101-க்கு 6 வோல்ட் கூடக் குறைய மட்டுமே போகலாம் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறான். தென்கொரியாக்காரன் 1973-ல் தொடங்கி 2005-க்குள் நாட்டையே 110-லிருந்து 220-க்கு மாற்றினான், கம்பியில் வீணாகும் கரண்டை மிச்சம் பிடிக்க.

நமக்கு வீட்டுக்கு 230, மோட்டாருக்கு 400 வோல்ட் என்று ஏட்டில் இருக்கிறது. 6 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று 1956 இந்திய மின்சார விதியே சொன்னது. அதாவது 376-க்குக் கீழே இறங்கக் கூடாது. மல்லாங்கிணறு கரிசக்காட்டில் லைன் கடைசியில் இருக்கிற கிணற்றில் மீட்டர் வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி!

400-க்கு 320 வந்தால் அஞ்சில் ஒரு பங்குதானே குறைவு என்று நினைக்காதீர்கள். மோட்டாரின் இழுவை நூற்றுக்கு 64-ஆகச் சரிந்துவிடும். மோட்டார் உறுமும், சுத்தாது. சுத்தினாலும் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயில் கருகும். காயில் கட்டும் கூலி யார் தலையில்? பருத்தி வாடினால் யார் நஷ்டம்?

"ஓசிக் கரண்டுக்கு இவ்வளவு பேச்சா" என்கிறார்கள் சிலர். ஓசியா? கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். இன்றைக்கும் நம் மோட்டாருக்குக் குதிரைசக்தி கணக்குப் போட்டு அரசு மானியம் கட்டுகிறது. துட்டு போயாச்சு, சரக்கு எங்கே?

கரண்டுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. பஞ்சம் கம்பியில் இருக்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மரில் தாங்காத அளவு சர்வீஸ், அதிலிருந்து காடு காடாக நீளும் தாழ்வழுத்த லைன். தூரம் கூடக்கூட வோல்ட் கரையத்தானே செய்யும்? 11,000 வோல்ட் லைனைக் கிணற்றுப் பக்கம் வரை கொண்டுவந்து, ரெண்டு மூணு மோட்டாருக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தால் தீரும். (நாமும் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் போட வேண்டும், அது நம் பங்கு.)

மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-ல் வந்தன. வோல்டேஜ் புகாரைக் கெடுவுக்குள் தீர்க்காவிட்டால் இழப்பீடு உண்டு என்கிறது அந்த விதி. வாயால் சொன்ன புகார் காற்றோடு போச்சு. இனி எழுத்தில் கொடுப்போம். தேதி போட்டு ரசீது வாங்குவோம். ஒவ்வொருவரும் சர்வீஸ் நம்பர், மோட்டார் குதிரைசக்தி, எந்த நேரம் எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மொத்தமாகக் கொண்டுபோய் மேஜையில் வைப்போம்.