சர்க்கரைக் கிண்ணத்தில் ஒரு வாசகம்

நீலக் கண்ணாடியில் பொன்னெழுத்து பொறித்த பழைய சர்க்கரைக் கிண்ணம் ஒன்றின் படத்தைப் பார்த்ததிலிருந்து காபி சரியாக இனிக்கவில்லை. இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல என்கிறது அதன் வாசகம். 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் கேட்டபோது அவையில் ஆதரவு 88, எதிர்ப்பு 163. ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் பலர் அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை அடுப்படிக்குள் விடாமல் தங்கள் ஓட்டைப் போட்டார்கள். தோட்ட முதலாளிகள் லேசுப்பட்டவர்களா? வணிகம் சட்டப்படி ஒழியவே 1807 ஆயிற்று. 1833இல் அடிமைமுறைக்கே முடிவுகட்டும் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு பெற்றுக்கொண்டுதான் விட்டார்கள். விலங்கு பூட்டியவனுக்குப் பணம், பூண்டவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது அந்தப் பொன்னெழுத்துதான். அதே 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விட்டுவைத்தது. வயலோடு சேர்த்து ஆளையும் விற்கும் வழக்கம் இங்கே இந்தியாவில் இருந்தது; அதற்கெதிராகச் சட்டம் வர 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிண்ணம் வாங்கியவர்களின் மனசாட்சியில் குறையில்லை. ஆனால் தூரத்துக் கரும்பு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.