தொடாதே என்பது பாதுகாப்பு அன்று!



அண்மையில் ஒரு மாலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை கணினிப் பெட்டியைச் சுமந்துகொண்டு என் வீட்டிற்கு வந்தார். அவர் லாரி ஓட்டுநர். மகனின் கணினி மெதுவாக இயங்குகிறது என்று, மிச்சம் பிடித்த பணத்தில் ரைசன் 5 5600 செயலி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். தாய்ப்பலகை, 2018இல் வெளிவந்த பி450 வகை. செயலி, பலகை இரண்டுமே ஏஎம்4 வகையைச் சேர்ந்தவை. பொருத்தியும் பயனில்லை. விசிறி சுழல்கிறது, திரை இருண்டே கிடக்கிறது. கடைக்குக் கொண்டு போனாராம். “தாய்ப்பலகை போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும்” என்று சொல்லி விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“ஐயா, நானே கைவைத்துக் கெடுத்துவிட்டேனா?” என்று கேட்டார்.

அவர் எதையும் கெடுக்கவில்லை. அந்தப் பலகையில் இருந்த நிலைப்பொருள் 2018ஆம் ஆண்டுடையது. செயலியோ 2022இல் வந்தது. பிறக்காத பிள்ளையின் பெயர் பழைய வருகைப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? பழைய செயலியை மீண்டும் மாட்டி, நிலைப்பொருளைப் புதுப்பித்து, அதன்பின் புதிய செயலியைப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது. துளி வெப்பப்பசையைத் தவிர வேறு செலவே இல்லை.

கடைக்காரரைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தத் தந்தை கடைக்குப் போகும் முன்னர் தமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரைத்தான் கேட்டிருக்கிறார். அவர் தந்த மறுமொழி: “பயாஸ் பக்கமே போகாதீர்கள்.” ஏன் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எனக்கும் இதே எச்சரிக்கைதான் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

நிலைப்பொருள் என்பது மாயமந்திரம் அன்று. மின்சாரம் வந்தவுடன், விண்டோசு விழிப்பதற்கு முன்பே விழித்து, செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் அடையாளம் கண்டு எழுப்பிவிடும் நிரல் அது. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் குடியிருக்கிறது. இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழைய பழக்கத்தால் இன்னும் பயாஸ் என்கிறோம்.

அச்சத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. 1998இல் பரவத் தொடங்கிய சிஐஎச் என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26ஆம் நாள் வட்டின் தரவுகளை அழித்ததோடு, பல கணினிகளின் பயாஸ் சில்லிலும் குப்பையை எழுதி அவற்றை எழவிடாமல் செய்தது. அந்த நினைவு நெடுங்காலம் நிலைத்தது. ஆனால், அன்றைய அச்சத்தையே இன்றைய பாடமாக ஓதிக்கொண்டிருக்கலாமா?

இனி, அடிக்கடி காதில் விழும் மூன்று கூற்றுகளைப் பார்ப்போம்.

1. “ஒழுங்காக ஓடுவதைத் தொடாதே.”

இது பாதி உண்மை. காரணம் இல்லாமல் தொடக்கூடாது. காரணம் இருந்தால் தொடாமல் இருக்கக்கூடாது. இன்டலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் மின்னழுத்தம் மிகுந்து, செயலியே நாளடைவில் பழுதாகும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டு முதல் அதற்கான திருத்தம் பயாஸ் புதுப்பிப்பு வழியாகவே வந்தது. “ஓடுகிறதே” என்று இருந்தவர்களின் செயலி உள்ளே தேய்ந்துகொண்டிருந்திருக்கலாம். தேய்ந்ததைப் புதுப்பிப்பு மீட்டுத் தராது. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் பாதுகாப்பு ஓட்டைக்கும் மருந்து நிலைப்பொருளில்தான் இருந்தது.

2. “புதுப்பித்தால் வேகம் கூடும்.”

இது எதிர்முனை மடமை. புதியது என்பதற்காகவே மாதந்தோறும் புதுப்பிப்பவர்கள் வீணே ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் செயலி, உங்கள் சிக்கல் அல்லது ஒரு பாதுகாப்புத் திருத்தம் அதில் இருந்தால் செய்யுங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள்.

3. “நடுவில் மின்சாரம் போனால் கணினி குப்பைதான்.”

ஆபத்து மெய்யானது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் வேளையில் மின்சாரம் போனால், எழுப்புவதற்கே ஆளில்லாமல் கணினி கிடக்கும். இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த பள்ளிக் கணினியொன்றை, இடியும் மழையுமான ஒரு பிற்பகலில், யூபிஎஸ் இல்லாமல் புதுப்பிக்கத் துணிந்தவன் நான். பாதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கணினி மீண்டும் எழவில்லை. சங்கக் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றேன். பின்னர் பழுதுபார்ப்பவர் ஒருவர் அந்தச் சில்லில் கவ்வியை மாட்டி, நிரலை மீண்டும் எழுதி உயிர்ப்பித்தார். குப்பை என்று வீசியிருந்தால் நல்ல கணினி ஒன்று போயிருக்கும். இன்று பல பலகைகளில் இரண்டாம் சில்லோ, செயலியே இல்லாமல் விரலியிலிருந்து எழுதிக்கொள்ளும் பொத்தானோ இருக்கிறது.

அந்தப் பிற்பகல் எனக்குத் “தொடாதே” என்று கற்பிக்கவில்லை; “முறையோடு தொடு” என்றே கற்பித்தது. அந்த முறை இது:

• விண்டோசில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் இப்போதைய பயாஸ் பதிப்பும் நாளும் தெரியும். பலகையின் மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும் பலகையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்து திருத்த எண் வேறானால் கோப்பும் வேறாகலாம்.

• உற்பத்தியாளரின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்குங்கள். சோதனைப் பதிப்பு வேண்டாம். இடையில் ஒரு பதிப்பை முதலில் நிறுவச் சொல்லியிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

• தரவுகளைப் படியெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டை எழுதிவைத்துவிட்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதை மறந்து, பிள்ளையின் கோப்புகளைத் திறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

• பயாஸ் அமைப்புகளை, குறிப்பாக வட்டின் இயங்குமுறையையும் தொடங்கும் வரிசையையும், கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த பின் அவை தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

• கோப்பை எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த விரலியில் இட்டு, பயாசுக்குள் இருக்கும் கருவி வழியாகவே எழுதுங்கள். மேசைக்கணினிக்கு யூபிஎஸ் வேண்டும். மடிக்கணினியில் மின்கலமும் நிறைந்திருக்க வேண்டும்; மின்னேற்றியும் இணைந்திருக்க வேண்டும். மழை இருட்டினால் நாளைக்குச் செய்யுங்கள்.

• தொடங்கிய பின் எதையும் அழுத்தாதீர்கள். தானாகச் சிலமுறை அணைந்து எழலாம். பதறிப் பொத்தானை அழுத்துவதும் மின்தடையும் ஒன்றே.

இவற்றில் எது நம் அறிவுக்கு எட்டாதது? வகுப்பில் அறிவியல் சோதனை செய்யும்போது பொருள்களைச் சரிபார், முன்னெச்சரிக்கை எடு, வரிசை மாறாமல் செய், முடிவைக் குறித்துக்கொள் என்று நாம் நாள்தோறும் சொல்வதுதானே?

கடைக்கு அனுப்புவது தவறன்று. அனுப்பும்போது, “நிலைப்பொருள் பதிப்பு என்ன? புதுப்பித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கத் தெரியாத பெற்றோரின் பணம்தான் முதலில் கரைகிறது. கேட்கக் கற்பிக்க வேண்டியவர்களே “பக்கமே போகாதீர்கள்” என்றால், நம் பிள்ளைகளும் காரணம் கேளாமல் அஞ்சுவதைத்தான் நம்மிடம் கற்றுக்கொள்வார்கள்.

அந்தத் தந்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, “அடுத்த முறை நானே செய்துபார்க்கட்டுமா, ஐயா?” என்றார். “செய்யுங்கள், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்” என்றேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, சிந்திப்போம், முறையறிந்து செயல்படுவோம்!